தாயையும் சேயையும் காத்த ஐடா அம்மாள்



நம் இருங்காட்டுக்கோட்டையைத் தொட்டுக்கொண்டு ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையை நீங்கள் தினந்தோறும் பார்க்கிறீர்கள். ஆலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்களும், புதுக் கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட லாரிகளும் இரவு பகலாக அதில் ஓய்வின்றிப் போகின்றன. அதே சாலையில் மேற்கு நோக்கி ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் திருப்பம், வாலாஜாபேட்டை எல்லாம் கடந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் வேலூர் வரும். நோயாளி ஒருவரை அழைத்துக்கொண்டு அங்குள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த குடும்பங்கள் நம்மில் பல உண்டு. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி எப்படித் தோன்றிற்று என்று எப்போதாவது நினைத்துப் பார்த்தீர்களா? பிரசவ வேதனையில் உதவியின்றி இறந்த மூன்று பெண்களுக்காக ஒரு பெண் எடுத்த தீர்மானத்திலிருந்து தோன்றிற்று.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் மகள் ஒருநாள் உங்கள் முன் வந்து நின்று, நர்சு படிப்புக்குப் போக வேண்டும், அதிலும் பிரசவ வார்டில் தாய்மாரையும் பிறந்த குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? விடை சொல்லுமுன் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கையைக் கொஞ்சம் வாசியுங்கள். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் செய்த பிறரன்புப் பணி எல்லாச் சபைகளுக்கும் பொதுச் சொத்து.

வேண்டாம் என்று ஓடிய பெண்

ஐடா 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து 1819-ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் வைத்தியம் செய்து, பின்னர் சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் வைத்தியரே. நான்கு தலைமுறைகளில் அக்குடும்பத்தார் நாற்பதுக்கு மேற்பட்டோர் இந்தியாவில் மிஷனரிகளாக உழைத்தார்கள் என்றால் அவர்களுடைய ஈடுபாட்டை நீங்களே அளந்து பார்க்கலாம்.

குழந்தைப் பருவத்திலேயே ஐடா தாது வருஷப் பஞ்சத்தைக் கண்டார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சம் அது. எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிட்டுப் பிட்டு ஊட்டும் வேலை அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது. பிறகு அவர் அமெரிக்கா சென்றார். பெற்றோர் மறுபடி இந்தியாவுக்குத் திரும்பியபோது உறவினர் வீட்டிலும், அதன்பின் நார்த்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த பெண்கள் விடுதிப் பள்ளியிலும் தனியே வளர்ந்தார். தாய் தந்தையைப் பிரிந்த துயரமும், பஞ்சத்தின் நினைவும் சேர்ந்து, இந்தியாவும் வேண்டாம், மிஷனரி வாழ்வும் வேண்டாம் என்ற எண்ணத்தை அவர் மனத்தில் ஊன்றிவிட்டன. அமெரிக்காவிலேயே நல்ல இடத்தில் மணந்து, நிம்மதியாக வாழ வேண்டும் என்பதே அவருடைய ஆசை. இதில் குற்றம் என்ன இருக்கிறது? நம் பிள்ளைகளுக்கு நாமும் அதைத்தானே விரும்புகிறோம்?

ஒரே இரவில் மூன்று மரணங்கள்

1890-ல் தாயார் நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி வந்தது. சில காலம் உடனிருந்து பணிவிடை செய்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். அங்கே ஓர் இரவில் நிகழ்ந்தது இது.

விளக்கொளியில் அமர்ந்திருந்த ஐடாவைத் தேடி ஒரு பிராமண இளைஞர் வந்தார். அவருடைய மனைவி, சிறுமி என்றே சொல்லத்தக்க வயதினள், பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். நாட்டு மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். தாம் வைத்தியர் அல்ல என்றும், தம் தந்தையாரை அழைத்துப் போகலாம் என்றும் ஐடா சொன்னார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அந்த இளைஞர் சம்மதிக்கவில்லை. தலைகுனிந்து திரும்பிப் போனார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேதனை, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. அதன் பிறகு மற்றோர் இந்துக் குடும்பத்தவரும் வந்து, அவரும் வெறுங்கையோடு திரும்பினார்.

அன்றிரவு ஐடாவுக்கு உறக்கம் இல்லை. விடிந்ததும் சாவு மேளம் காதில் விழுந்தது. ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

வாசகரே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊரில் வைத்தியர் இல்லாமலில்லை. கைதேர்ந்த வைத்தியர் ஒருவர் அடுத்த அறையிலேயே இருந்தார். மருந்தும் கருவியும் இருந்தன. பிரசவ அறைக்குள் நுழையத்தக்க, பயிற்சி பெற்ற ஒரு பெண் மட்டுமே இல்லை. அந்த ஒரு குறையால் மூன்று வீடுகளில் விளக்கணைந்தது. ஐடா தம் அறைக்குள் சென்று வெகுநேரம் ஜெபித்தார். பின்பு பெற்றோரிடம் வந்து, அமெரிக்கா சென்று வைத்தியம் கற்றுக்கொண்டு, இந்நாட்டுப் பெண்களுக்காகவே திரும்பி வருவதாகத் தெரிவித்தார்.

ஒரு கட்டில் ஆஸ்பத்திரி

சொன்னதைச் செய்தார். பிலடெல்பியா நகரின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898-ல் பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அங்கு மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். புறப்படுமுன் நிதி திரட்டினார். நியூயார்க் வங்கியாளராகிய ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவியின் ஞாபகார்த்தமாக வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டும்படி பதினாயிரம் டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா, ஆனி ஹான்காக் என்ற தோழியுடன் இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையாரின் கீழ் சில ஆண்டுகள் வேலை பழகலாம் என்று எண்ணியிருந்தார். அதற்கும் இடமில்லாமல் அவ்வாண்டு மே மாதமே தந்தையார் இறந்துபோனார். துணையின்றி நின்ற அந்த இளம் வைத்தியர், வேலூரில் தாங்கள் குடியிருந்த பங்களாவின் ஓர் அறையில் ஒரே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியத்தை ஆரம்பித்தார். முதலில் ஜனங்கள் அஞ்சினார்கள். கொஞ்சங் கொஞ்சமாக அச்சம் தெளிந்து திரள ஆரம்பித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளிகளுக்கு அவர் வைத்தியம் செய்தார். 1902-ல் நாற்பது கட்டில்களுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களை என்ன செய்வது? ஐடா தாமே கிராமங்களை நோக்கிப் புறப்பட்டார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் குறித்த நாளில் செல்வார். மரத்தடிகளில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் காத்திருப்பார்கள். அங்கேயே புண்ணைக் கழுவிக் கட்டுவார், மருந்து கொடுப்பார், கர்ப்பிணிகளைப் பார்ப்பார். 1909-ல் அவருக்கு ஒரு மோட்டார் வண்டி கிடைத்தது. மாடும் குதிரையும் இல்லாமல் தானே ஓடி வரும் வண்டியைக் கண்டு பேய் வருகிறதென்று வயலுக்குள் ஓடியவர்களும் உண்டாம்! இன்று நம் கிராமங்களுக்கு நடமாடும் மருத்துவக் குழுக்கள் வருகின்றன. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே வழிகாட்டியவர்களில் அவர் ஒருவர்.

டாக்டர் மட்டும் போதாது

ஐடா அம்மையாரின் கதையைச் சொல்லும் பலர் அவர் டாக்டரானதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் நம் குடும்பங்களுக்கு வேண்டிய பாடம் இனிமேல்தான் வருகிறது.

நாற்பது கட்டில்களுக்கு அவர் ஒருவரே டாக்டர். பகலில் அறுவை சிகிச்சை, இரவில் பிரசவம், இடையில் கிராமச் சாலை. ஒரு மனுஷிக்கு இரண்டு கைகள்தானே? அவர் ஒரு கட்டிலருகே நிற்கும்பொழுது மற்ற முப்பத்தொன்பது கட்டில்களருகே யார் நிற்பது? ஆகவே 1909-ல், டெலியா ஹௌட்டன் என்ற தாதியின் துணையுடன், நம் நாட்டுப் பெண்களுக்குத் தாதியர் பயிற்சிப் பள்ளி ஒன்றை வேலூரில் ஏற்படுத்தினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918-ல்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தாதியர் பள்ளி வந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

அக்காலத்தில் பெண்ணைத் தாதி வேலைக்கு அனுப்ப எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? இரத்தத்தைத் தொடுவது தீட்டு என்றார்கள். அந்நியர் உடம்பைத் தொடும் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்றார்கள். இரவு வேலை குலமகளுக்கு ஏற்றதல்ல என்றார்கள். பிரசவம் பார்ப்பது மருத்துவச்சி குலத்தாருக்கு உரியதென்று ஒதுக்கினார்கள். இந்த ஏச்சுகளையெல்லாம் தாங்கிக்கொண்டு முதலில் முன்வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். பெயர் தெரியாத அந்தப் பெண்கள்தாம் இன்று நாம் காணும் செவிலியர் கூட்டத்திற்கு மூத்த சகோதரிகள்.

பிரசவத்தில் தாதி அப்படி என்ன செய்கிறாள் என்று சிலர் கேட்கலாம். சொல்கிறேன், கேளுங்கள்.

தாய் பெரும்பாலும் இறப்பது குழந்தை வெளிவருவதற்கு முன் அல்ல, வெளிவந்த பின். நஞ்சு விழுந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் இரத்தம் பெருகும். சில நிமிஷங்களே போதும், தாயின் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்து, கருப்பை தளர்ந்திருந்தால் தேய்த்துவிட்டு, ஆக்ஸிடோஸின் ஊசி போட்டு, உடனே டாக்டரை அழைப்பவள் தாதி. தூய்மையற்ற கையால் பிரசவ ஜுரம் பரவுகிறது என்பதை 1847-ல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். கைகழுவும் அந்தச் சின்னப் பழக்கம் எத்தனை இலட்சம் தாய்மாரைக் காத்தது! துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, சாணமோ சாம்பலோ தடவியதால் தனுர்வாதம் கண்டு இறந்த சிசுக்கள் எத்தனை! சுத்தமான கத்தியும் சுத்தமான கையும் அந்நோயை விரட்டின.

குழந்தையின் பங்கும் அப்படியே. பிறந்த முதல் நிமிஷத்தில் மூச்சு வராவிட்டால், துடைத்து, முதுகைத் தேய்த்து, தேவைப்பட்டால் முகமூடிப் பையால் காற்றுச் செலுத்த வேண்டும். ஈரம் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்து வைத்துச் சூடு போகாமல் காக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டப் பழக்க வேண்டும். குறைமாதக் குழந்தையாயிருந்தால் இரவெல்லாம் விழித்திருந்து மூச்சையும் நிறத்தையும் கவனிக்க வேண்டும். டாக்டர் வருவார், பார்ப்பார், போவார். போகாமல் கட்டிலருகேயே இருப்பவள் தாதி. ஆபத்தை முதலில் காணும் கண்களும் அவளுடையவையே.

திண்டிவனத்தில் அன்றிரவு இல்லாமற்போனவள் இத்தகைய பெண். ஐடா அம்மையார் தாம் ஒருவர் டாக்டராகித் திருப்தியடைந்திருந்தால், அவர் நிற்கும் அறையில் மட்டும் தாய் பிழைத்திருப்பாள். நூற்றுக்கணக்கான பெண்களைப் பழக்கியதால், அவர் முகத்தையே காணாத ஊர்களிலும் தாய்மார் பிழைத்தார்கள்.

தாதியர் தொழிலும் மதிப்பில் உயர்ந்துகொண்டே வந்தது. 1926-ல் சென்னை மாகாணத்தில் தாதியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய ஒரு சட்டம் பிறந்தது. 1946-ல் வேலூரிலும் டில்லியிலும் தாதியர் படிப்புக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கலாயிற்று. தீட்டு என்று ஒதுக்கிய வேலைக்குப் பட்டம்! அதே ஆண்டில் ஐடா அம்மையார் ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் சென்றார். அங்கே 1960-ம் ஆண்டு மே 24-ந் தேதி, தமது 89-வது வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் வேலூரில் பயின்ற ஒவ்வொருத்தியையும் மகளாகவே கருதினார்.

நம் கன்னியருக்குக் கிடைத்த அனுமதி

இவ்விடத்தில் நம் திருச்சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐடா அம்மையார் வேலூரில் உழைத்த நாட்களில், நம் கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரிகளில் பணிவிடை செய்தாலும், பிரசவம் பார்க்கச் சபை ஒழுங்குகள் பொதுவாக இடந்தரவில்லை. துறவற வாழ்வுக்கு அது பொருந்தாது என்று கருதினார்கள். ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், இன்று பாகிஸ்தானிலுள்ள இராவல்பிண்டியில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி உண்டாக்கி, கன்னியருக்கு இந்த அனுமதி வேண்டுமென்று உரோமையில் மன்றாடினார். 1913-ல் அவர் இறக்கும்வரை அனுமதி வரவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் பின்னர் பணி செய்த ஆஸ்திரிய நாட்டு டாக்டர் அன்னா டெங்கல் 1925-ல் மருத்துவ மிஷன் சபையை ஸ்தாபித்து அம்முயற்சியைத் தொடர்ந்தார். கடைசியாக 1936-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி உரோமை ஆட்சிப்பீடம் அனுமதி வழங்கியது. துறவியாயினும் தாயின் பிரசவக் கட்டிலருகே நிற்பது தூய பணியே என்று திருச்சபை ஏற்றுக்கொண்டது. துறவிக்கே தகும் என்றால் நம் வீட்டுப் பெண்ணுக்குத் தகாதா?

உங்கள் மகள் கேட்டால்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் பகுதியில் ஆலைகள் பல. பன்னிரண்டாவது முடித்த பெண் மறுமாதமே சம்பளம் வாங்கலாம். வீட்டுக் கடனும் வாடகையும் நெருக்கும்போது அது பெரிய உதவிதான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு நோயாளி மீது இயல்பான இரக்கமும், இரத்தத்தைக் கண்டு தயங்காத மனமும் இருக்குமானால், ஆலைச் சம்பளத்துக்காக அதை அணைத்துவிடாதீர்கள்.

வழிகள் பல உண்டு. ஏ.என்.எம். படிப்பு இரண்டு ஆண்டுகள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று கவனிக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்கு அதுவே அடிப்படை. ஜி.என்.எம். மூன்று ஆண்டுகள். பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டுகள். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவு எடுக்கும்போதே இதைப்பற்றி வீட்டில் பேசிவிடுங்கள். பட்டத்துக்குப் பின் மகப்பேறு செவிலியத்திலோ குழந்தை நலச் செவிலியத்திலோ எம்.எஸ்ஸி. படிக்கலாம். சிக்கலில்லாத பிரசவத்தைத் தாமே முன்னின்று நடத்தும் தேர்ந்த மருத்துவத் தாதியரை உருவாக்க மத்திய அரசு 2018-ல் பதினெட்டு மாதப் பயிற்சி ஒன்றையும் வகுத்தது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேலை கடினம். இரவு முறை உண்டு. மணிக்கணக்கில் நிற்க வேண்டும். எல்லா இடத்திலும் நல்ல சம்பளம் என்று சொன்னால் பொய்யாகும். சிறு தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவே. பெயர்ப் பலகை மாட்டி, குறுகிய காலத்தில் நர்சு ஆக்குகிறோம் என்று பணம் பறிக்கும் இடங்களும் உண்டு. சேர்க்குமுன் அந்தப் பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும், தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்யும் தகுதியும் உண்டா என்று நேரில் விசாரியுங்கள். பதிவு இல்லாத படிப்பு பயனற்ற படிப்பு.

2018-20 கணக்கின்படி, இந்தியாவில் உயிருடன் பிறந்த ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். ஐடா அம்மையார் கண்ட காலத்தை நினைத்தால் இது பெரும் முன்னேற்றம். ஆயினும் அந்த 54 என்பது 54 வீடுகள், 54 தாயற்ற தொட்டில்கள் அல்லவா? அவற்றைக் குறைக்கக் கட்டடமும் கருவியும் மட்டும் போதாது. கட்டிலருகே விழித்திருக்கும் பெண்கள் வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகள் கேட்கும்போது அவசரப்பட்டு மறுத்துவிடாதீர்கள். இளம் பெண்களே, பிரசவ வார்டில் நீங்கள் துடைத்தெடுத்துத் தாயின் மார்பில் வைக்கும் குழந்தை உங்கள் பெயரை ஒருநாளும் அறியாது. அதனால் என்ன? அது உயிரோடிருக்கும், அதன் தாயும் உயிரோடிருப்பாள். ஐடா அம்மையார் விரும்பிய கைம்மாறும் அவ்வளவே.